துருப்பிடித்த கழுத்து

“இரும்பைக் கரையான் அரிக்குமா?” என்று கேட்பது நம்மவர் வழக்கு. உறுதியான நெஞ்சுடையவனைச் சின்னஞ்சிறு துன்பங்கள் என்ன செய்துவிடும் என்பது அதன் கருத்து. கருத்து நன்று. ஆனால் இரசாயனம் பயிலும் மாணவன் அதற்கு விடை கூறப் புகுந்தால், “கரையான் அரிக்காது; துரு அரிக்கும்” என்றே சொல்லியாக வேண்டும். கரையானைப் போலவே துருவும் மறைவிடத்தை விரும்புவது. ஈர மண்ணை நாடுவது. மேற்பூச்சு அப்படியே இருக்க, உள்ளிருந்து தின்று தீர்ப்பது.

துருவின் வரலாறு முழுவதையும் இங்கே எழுதப் போவதில்லை. ஒரே ஒரு குழாயை எடுத்துக்கொண்டு, அது எவ்வாறு துருவேறுகிறது, துருவேறினால் என்ன நேரும், அதை எவ்வாறு மாற்றுவது என்பவற்றை மட்டும் காண்போம். காரில் பெட்ரோல் ஊற்றும் வாய்க்கும் அடியிலுள்ள தொட்டிக்கும் இடையே செல்லும் குழாய்தான் அது. பட்டறைகளில் ‘பில்லர் பைப்’ என்பார்கள். நாம் அதனைக் கழுத்து என்றே வழங்குவோம்.

கங்கோத்ரி வளாகத்தில் படிக்கும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் கேட்கலாம். நம்மில் பலர் சொந்த ஊரிலிருந்து பழைய வண்டியோடு மைசூருக்கு வந்தவர்கள். தந்தையோ மாமாவோ ஓட்டித் தள்ளிய கார் நமக்கு வந்து சேர்கிறது. விடுமுறை வந்தால் ஐந்து பேர் அதில் ஏறி, சாமராஜநகர் வழியாகத் திம்பம் மலைப்பாதையில் இறங்கிச் சத்தியமங்கலம் போகிறோம். அல்லது குண்டலுப்பேட்டை வழியாக நீலகிரிக்குப் போகிறோம். அந்த ஐவரின் இருக்கைக்குப் பின்னே, ஒரு முழத் தொலைவில், இந்தக் கழுத்து இருக்கிறது.

நம் சங்கத்து நண்பர் ஒருவரின் கார் அப்படிப்பட்டது. இருபது ஆண்டு ஆனது. அதில் பெரும்பகுதி தூத்துக்குடியில் கடற்கரைக்கு அருகே கழிந்தது. சென்ற மழைக்காலத்தில் அதில் பெட்ரோல் நாற்றம் வீசத் தொடங்கியது. ஒரு பட்டறையில், “கழற்றக்கூட வேண்டாம், அப்படியே வெல்டிங் வைத்துப் பத்து நிமிடத்தில் தருகிறோம்” என்றார்கள். நல்லவேளையாக நண்பர் வேறோர் இடத்திலும் கேட்டார். மூன்று தலைமுறைக்கு முன் மைசூருக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்து முதிய மெக்கானிக் ஒருவர் அங்கே இருந்தார். அவர் வெல்டிங் என்ற சொல்லைக் கேட்டதுமே தலையை அசைத்து மறுத்துவிட்டார். ஏன் மறுத்தார் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

கழுத்தின் அமைப்பு

காரின் பக்கத்திலுள்ள சிறு கதவைத் திறந்து, மூடியைத் திருகி எடுத்தால் ஒரு வாய் தெரியும். அந்த வாயிலிருந்து குழாய் ஒன்று வளைந்து கீழே இறங்குகிறது. பழைய கார்கள் பலவற்றில் இது எஃகுத் தகட்டால் ஆனது. பின்சக்கரத்தின் வளைவை ஒட்டிச் சென்று, தொட்டிக்குச் சற்று முன்னே முடிகிறது. அங்கே ரப்பர் ஓஸ் ஒன்று கழுத்தையும் தொட்டியையும் இணைக்கிறது. இருபுறமும் திருகுக் கிளிப்புகள் அதை இறுக்கிப் பிடித்திருக்கும்.

பெரிய குழாயின் பக்கத்திலேயே விரல் பருமனுள்ள சிறு குழாய் ஒன்றும் செல்வதைக் காணலாம். இது மூச்சுக்குழாய். குறுகிய வாயுள்ள புட்டியில் நீரை வேகமாக ஊற்றினால் ‘களக் களக்’ என்று எதிர்த்து வருகிறதல்லவா? உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியில்லாமையே அதற்குக் காரணம். தொட்டியில் பெட்ரோல் புகும்போது அதே அளவு காற்றும் ஆவியும் வெளியேற வேண்டும். அதற்கு வழிவிடுவதே சிறு குழாயின் வேலை.

பெட்ரோல் பங்கில் தொட்டி நிறைந்ததும் குழாய் தானே ‘டக்’ என்று நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் மின்சாரமோ மந்திரமோ இல்லை. ஊற்றும் மூக்கின் நுனியில் ஒரு சிறு துளை இருக்கிறது. பெட்ரோல் வேகமாகப் பாயும்போது, பௌதிக வகுப்பில் வெஞ்சுரி என்ற பெயரால் படித்த தத்துவப்படி, அத்துளை வழியே காற்று உறிஞ்சப்படுகிறது. பெட்ரோல் கழுத்துவரை ஏறித் துளையை மூடியவுடன் காற்று வருவது தடைப்படுகிறது. உள்ளே வெற்றிழுப்பு மிகுகிறது. அந்த இழுப்பு ஒரு சவ்வை அசைத்து அடைப்பை விடுவிக்கிறது. ஆகவே ‘டக்’ என்னும் ஓசைக்குப் பொருள், “பெட்ரோல் கழுத்துக்கு வந்துவிட்டது, நிறுத்து” என்பதேயாகும். அதன்பின் ‘ரவுண்டாக’ ஆகட்டும் என்று மேலும் ஊற்றச் சொல்வது, கழுத்தைத் தொட்டியாக்கும் வேலை.

இந்தச் சிறு உறுப்பு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2014 ஏப்ரலில் மாருதி சுசுகி நிறுவனம் 1,03,311 கார்களைத் திரும்ப அழைத்தது. டிசையர் 42,481, ஸ்விப்ட் 47,237, எர்டிகா 13,593. எல்லாம் 2013 நவம்பர் 12 முதல் 2014 பிப்ரவரி 4 வரை செய்யப்பட்டவை. மாற்ற வேண்டியிருந்த உறுப்பு இந்தக் கழுத்து ஒன்றே. தானே நிற்கும் அளவுக்கு மேலும் பெட்ரோல் நிரப்பினால் நாற்றம் வரலாம், அரிதாகக் கசியவும் கூடும் என்பது காரணம். அங்கே குற்றவாளி துரு அன்று. கார்களோ புத்தம் புதியவை. ஆயினும் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளில் கழுத்தில் ஐயம் எழுந்தபோது, ஒட்டுப் போட யாரும் முயலவில்லை. குழாயையே மாற்ற முடிவு செய்தார்கள்.

நாற்றம் சொல்லும் செய்தி

கசிவு கழுத்திலா, தொட்டியிலா என்பதை வண்டியே நமக்குச் சொல்லிவிடும். தொட்டி நிறைந்த அன்று நாற்றம் கடுமையாக இருந்து, பாதிக்கு இறங்கியபின் மறைந்துவிடுகிறதா? அப்படியானால் ஓட்டை மேலே, கழுத்திலோ அதன் ஓஸிலோ இருக்கிறது. பாதித் தொட்டியிலும் சொட்டுகிறதா? அப்படியானால் தொட்டியையோ, எஞ்சினுக்குச் செல்லும் குழாயையோ ஐயுற வேண்டும். சக்கர வளைவில் ஒட்டியுள்ள மண்ணில் ஈரக்கோடு கறுப்பாக இறங்கியிருந்தால் அது இன்னொரு சான்று. பங்கில் ஊற்றும்போது மூக்கு அடிக்கடி ‘டக், டக்’ என்று நின்றுகொண்டே இருந்தால், மூச்சுக்குழாய் துருவாலோ மண்ணாலோ அடைபட்டிருக்கலாம்.

பெட்ரோல் வெளியே வரும் ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே போகவும் கூடும் என்பதை மறக்கலாகாது. மழையில் பின்சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுநீர் அத்துளையில் புகுந்தால், மறுநாள் காலை எஞ்சின் திணறும். பிளக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

சோதிக்கும்போது தீக்குச்சி கிழிப்பது, கம்பி தொங்கும் பல்பைக் கீழே கொண்டுபோவது ஆகியவை கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே பறந்து கலைந்துவிடாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளத்தில் தேங்கும். சுழியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும் பொருள் பெட்ரோல் என்றால், மைசூரின் வெயிலில் அது எப்படியிருக்கும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

துரு எங்கே பிறக்கிறது?

இரும்பு, நீர், பிராணவாயு இம்மூன்றும் கூடினால் துரு உண்டாகும் என்று பள்ளியிலேயே படித்தோம். அப்படியானால் நன்றாகக் காற்றுப் படும் இடத்தில்தான் துரு மிகுதியாக இருக்க வேண்டும் அன்றோ? கழுத்தைக் கழற்றிப் பார்த்தால் நேர்மாறாக இருக்கிறது. காற்றாடும் நடுப்பகுதி ஓரளவு நன்றாக இருக்கும். கிளிப்புக்கு அடியிலும், ஓஸ் மூடிய பகுதியிலும், மண் அப்பிய வளைவிலும் விரலால் அழுத்தினாலே தகடு உடையும். நண்பரின் காரிலும் அப்படித்தான் இருந்தது.

இந்தப் புதிரை விடுவித்தவர்களுள் தலையாயவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யு. ஆர். எவன்ஸ் என்னும் விஞ்ஞானி. அவர் பெயரால் வழங்கும் துளிச் சோதனையை நம் ஆய்வுக்கூடத்திலேயே செய்யலாம். நன்றாகத் தேய்த்த இரும்புத் தகட்டின்மேல் ஒரு துளி உப்புநீரை விடுங்கள். அந்நீரில் முன்பே சிறிது பொட்டாசியம் பெர்ரிசயனைடும் சிறிது பினால்ப்தலினும் கலந்திருக்க வேண்டும். சில நிமிடங்களில் துளியின் நடுவே நீலம் தோன்றும். விளிம்பைச் சுற்றி இளஞ்சிவப்பு தோன்றும். பிறகு இரண்டுக்கும் நடுவே பழுப்பு வளையமாகத் துரு படியும்.

இதன் பொருள் யாது? நீலம் தோன்றிய நடுப்பகுதியில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன. விடப்பட்ட எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே விளிம்புக்கு ஓடுகின்றன. விளிம்பில் துளி மெல்லியதாகையால் பிராணவாயு எளிதில் கிட்டுகிறது. அங்கே அது எலெக்ட்ரானை ஏற்று, நீரோடு சேர்ந்து காரத்தை உண்டாக்குகிறது. அக்காரமே பினால்ப்தலினைச் சிவக்கச் செய்கிறது. பிராணவாயு நிறைந்த இடம் காக்கப்படுகிறது. குறைந்த இடம் கரைகிறது. ஒரு துளி நீருக்குள் ஒரு மின்கலமே இயங்குகிறது!

இப்போது கழுத்துக்கு வருவோம். மண் அப்பிய இடத்தில் ஈரம் உண்டு, பிராணவாயு குறைவு. கிளிப்பின் அடியிலும் அப்படியே. சுற்றியுள்ள வெளிப்பகுதிக்கோ காற்று தாராளம். எனவே மறைந்த இடம் கரைந்துகொண்டே இருக்கும். உண்டாகும் துரு, கரைந்த இரும்பைப் போலப் பல மடங்கு இடம் கொள்ளும். அதனால் வண்ணப்பூச்சைப் பிளந்து, இன்னும் ஈரம் புக வழிசெய்யும். உப்பு சேர்ந்தால் நீரில் மின்சாரம் எளிதில் பாயும். துருவின் வேகம் கூடும். குளிர்நாடுகளில் சாலைப் பனியை உருக்க உப்புத் தூவுகிறார்கள். அங்கே கழுத்துகள் விரைவில் அழிவது இதனால்தான். நம் நண்பரின் கார் தூத்துக்குடிக் கடற்காற்றின் உப்பை மடிப்புகளில் சுமந்துகொண்டு மைசூருக்கு ஏறிவந்தது. தண்ணீரை மைசூர் மழை தந்தது.

துருவோடு போராடுவதில் தமிழ்நாட்டுக்குத் தனிச் சிறப்பு உண்டு என்பதையும் இங்கே நினைவுகூரலாம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைவதற்காக வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கலன்று, டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். 1918 முதல் 1921 வரை இதே மைசூரில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் அவர். அந்நிலையத்தின் முக்கியத் துறைகளுள் ஒன்று உலோக அரிப்பு. உப்புக்காற்று வீசும் மண்டபத்தில் உலோகங்களை வெளியில் வைத்துச் சோதிக்கும் களமும் அதற்கு உண்டு.

ஒட்டுப் போடலாமா?

பெட்ரோல் கசிந்தால் சலவைச் சோப்பைத் தேய்த்து அடைக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதில் விஞ்ஞானமும் உண்டு: சோப்பு பெட்ரோலில் கரையாது. நடுவழியில், அடுத்த ஊர் போய்ச் சேரும்வரை அது உதவலாம். ஆனால் ஒரு மழை போதும், சோப்பு கரைந்துவிடும். எம்-சீல் போன்ற பசைகளோ நல்ல உலோகத்தில்தான் பிடிக்கும். துருவின்மேல் ஒட்டினால், துரு உதிரும்போது பசையும் உடன் உதிரும். கண்ணுக்கு ஓர் ஓட்டை தெரிகிறதென்றால், அதைச் சுற்றித் தகடு தாள்போல் மெலிந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

இனி, வெல்டிங்கை அந்த முதியவர் மறுத்த காரணத்துக்கு வருவோம். “தொட்டியில் பெட்ரோலே இல்லையே, காலிதானே, அண்ணே?” என்று நண்பர் கேட்டார். அவர் சட்டைக் கையை மடித்து, முழங்கைவரை சுருங்கியிருந்த பழைய தீப்புண் தழும்பைக் காட்டினார். “நிறைஞ்ச டாங்கி எரியும் தம்பி, காலி டாங்கி வெடிக்கும்” என்றார். அவருடைய இளமையில், காலி என்று நம்பிப் பற்றவைக்கப்பட்ட தொட்டி தந்த தழும்பு அது.

அவர் அனுபவத்தால் அறிந்ததை நாம் கணக்கால் அறியலாம். காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 விழுக்காட்டுக்கும் 7.6 விழுக்காட்டுக்கும் இடையே இருந்தால்தான் தீப்பற்றும். பெட்ரோல் உள்ள மூடிய தொட்டியில் ஆவி இந்த மேல் எல்லையையும் தாண்டி நிற்கிறது. எரியப் போதிய காற்று அங்கே இல்லை. தொட்டியை வடித்துவிட்டால் காற்று உள்ளே வருகிறது. ஆவியின் விழுக்காடு இறங்கி இறங்கி, அந்த ஆபத்தான எல்லைக்குள் வந்து நிற்கிறது.

எவ்வளவு பெட்ரோல் மிஞ்சியிருந்தால் போதும்? 40 லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்வோம். 1.4 விழுக்காடு என்பது 0.56 லிட்டர் ஆவி. அறை வெப்பத்தில் ஒரு மோல் வாயு சுமார் 24.5 லிட்டர் இடம் கொள்ளும். பெட்ரோலின் சராசரி மூலக்கூறு எடையை 100 என்றும், அடர்த்தியை 0.74 என்றும் கொண்டால், வேண்டிய பெட்ரோல் சுமார் 3 மில்லிலிட்டர். மேல் எல்லைக்குச் சுமார் 17 மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டியின் அளவு 5 மில்லிலிட்டர் என்பதை நினைவில் வையுங்கள். மடிப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு கரண்டிப் பெட்ரோல், காலித் தொட்டியை வெடிகுண்டாக்கப் போதும். கழுத்தோ அந்தத் தொட்டிக்குள் நேரே திறக்கும் வாய். அதன்மேல் தீப்பொறியை வைப்பது எத்தகைய செயல் என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

மாற்றும் முறை

கழுத்தை மாற்றுவது கடினமான வேலையன்று, ஒழுங்கான வேலை. அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் உடனிருக்கச் செய்ய வேண்டும்.

முதலாவது, இடமும் நேரமும். தொட்டி கால்பங்குக்குக் கீழே இறங்கும்வரை ஓட்டிவிட்டு வேலையைத் தொடங்குவது நலம். திறந்த வெளியில், சமதரையில், எஞ்சின் நன்றாகக் குளிர்ந்தபின் செய்ய வேண்டும். அருகே பீடி, அடுப்பு, கிரைண்டர் எதுவும் இருத்தலாகாது. உலர்பொடித் தீயணைப்புக் கருவியும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எரியும் பெட்ரோலில் தண்ணீரை ஊற்றினால் அது நீரின்மேல் மிதந்து தீயைப் பரப்பும். பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலிலேயே கழற்றிவிட வேண்டும். பிறகு மூடியைத் திறந்து உள்ளழுத்தத்தை வெளியேற்ற வேண்டும்.

மிச்சப் பெட்ரோலை எடுக்க வேண்டுமானால் கைப்பம்பு கொண்டு உலோகக் கலத்தில் எடுக்கலாம். குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். பெட்ரோல் நீரைவிட மெல்லிய திரவம். சிறிது புரையேறினாலும் நுரையீரலுக்குள் பரவி உயிருக்கே தீங்கு செய்யும். தவறி விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்வதும் தவறு. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இரண்டாவது, கழற்றுதல். ஜாக்கியால் வண்டியைத் தூக்கி, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தியபின் பின்சக்கரத்தை எடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகலாகாது. சக்கர வளைவின் உள்மறைப்பு இருந்தால் அதையும் எடுத்தால் கழுத்து முழுதும் தெரியும். மண்ணை ஈரத் துணியாலும் நார்ப் பிரஷாலும் துடைக்க வேண்டும். மின்சாரத்தில் சுழலும் கம்பிப் பிரஷ் பொறி கிளப்பும், வேண்டாம். துருவேறிய கிளிப்புத் திருகுகளில் துரு நெகிழ்க்கும் எண்ணெயைத் தடவி அரைமணி காத்திருந்தால் பெரும்பாலும் இளகும். இளகாவிட்டால் ரப்பர் ஓஸைக் கத்தியால் அறுத்துவிடலாம். எப்படியும் அது மாற்றப்பட வேண்டியதே.

வாயருகே கழுத்தைப் பிடித்திருக்கும் திருகுகளை எடுக்கும்போது, கழுத்திலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லும் சிறு கம்பியோ உலோகப் பட்டையோ இருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் பாயும்போது சேரும் நிலைமின்சாரத்தை வடித்துவிடுவது அது. புதிய கழுத்திலும் அதைத் துருவகற்றி, இறுக்கமாக மாட்ட வேண்டும். கழுத்து கையில் வந்தவுடன், தொட்டியின் வாய்களைச் சுத்தமான, பிசிறில்லாத துணியால் அடைத்துவிடுங்கள். ஆவி வெளிவருவது குறையும். துருச்செதில் உள்ளே விழாமலும் இருக்கும்.

மூன்றாவது, பொருத்துதல். புதிய குழாயைப் பழையதன் பக்கத்தில் வைத்து நீளம், வளைவு, மூச்சுக்குழாயின் இடம், திருகுத் துளைகள் ஆகியவற்றை ஒப்பிட்டபின்பே கடையிலிருந்து வாங்கி வர வேண்டும். ஏறத்தாழ ஒத்துப்போகிறது என்று வளைத்துப் பொருத்தினால், இழுபடும் ஓஸ் மீண்டும் கசியும். பொருத்துமுன் வெளிப்புறத்தில் துருத்தடுப்புப் பூச்சு ஒன்று, அதன்மேல் அடிப்பாகத்துக்கான கறுப்புப் பூச்சு ஒன்று அடித்து நன்றாக உலர விடலாம். உட்புறத்தில் எதுவும் பூசலாகாது. பெட்ரோல் அதை உரித்து எஞ்சினுக்கு அனுப்பும்.

ஓஸ் விஷயத்தில் சிக்கனம் ஆகாது. தண்ணீர்க் குழாயின் ரப்பர் பெட்ரோலில் ஊறிப் பருத்து வெடிக்கும். பெட்ரோலுக்கென்றே செய்த ஓஸே வேண்டும். இக்காலத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் அறிமுகமாயிற்று. 2025-இல் நாடெங்கும் அந்த அளவு எட்டப்பட்டது. பழைய வண்டிகளின் ரப்பர் உறுப்புகள் இக்கலவையை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் நீரையும் ஈர்க்கும். ஓட்டைக் கழுத்து வழியே மழைநீர் மிகுதியாகப் புகுந்தால், நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அந்த அடிப்பகுதியைத்தான். எனவே கழுத்தோடு ஓஸ்களையும் கிளிப்புகளையும் புதிதாகவே போடுங்கள். ஓஸ் எத்தனால் கலவைக்கு ஏற்றதுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

மூச்சுக்குழாய் எங்கும் மடங்காமலும், நடுவே தொய்ந்து பள்ளம் விழாமலும் செல்ல வேண்டும். பள்ளத்தில் பெட்ரோல் தங்கினால் மூச்சு அடைபடும். கிளிப்பை ஓஸின் விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ரப்பர் வெட்டுப்படாத அளவுக்கு இறுக்க வேண்டும். அடைத்த துணியை எடுக்க மறந்து ஓஸை மாட்டிவிடக்கூடாது என்று சொன்னால் சிரிப்பீர்கள். பட்டறையில் இருப்பவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

நான்காவது, சோதனை. ஐந்து லிட்டர் ஊற்றி, இணைப்புகளை உலர்ந்த தாளால் ஒற்றிப் பாருங்கள். தாள் நனையாவிட்டால் பங்குக்குச் சென்று, மூக்கு தானே நிற்கும்வரை மெதுவாக நிரப்புங்கள். மீண்டும் ஒற்றிப் பாருங்கள். ஒருமுறை சரிவான இடத்திலும் நிறுத்திப் பார்க்க வேண்டும். இரவு கழிந்து காலையில் நாற்றமில்லை என்றால் வேலை முடிந்தது. பெட்ரோல் நனைந்த துணிகளை விடுதி அறையில் சுருட்டி வைக்காமல் வெளியே விரித்து உலர்த்த வேண்டும். மிஞ்சிய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றலாகாது; கனமான அதன் ஆவி சாக்கடை வழியே எந்த வீட்டு அடுப்புக்குப் போய்ச் சேரும் என்று யாரறிவார்?

இருசக்கர வண்டி வைத்திருப்போருக்கு

மோட்டார் சைக்கிளில் கழுத்து தனியே இல்லை. தொட்டியின் வாயே கழுத்து. மைசூரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961 முதல் 1996 வரை ஜாவா, எஸ்டி வண்டிகளைச் செய்தது. அவற்றைப் போற்றிப் பாதுகாத்து ஓட்டுவோர் இந்நகரில் இன்றும் பலர். பழைய வண்டியை மாதக்கணக்கில் அரைத்தொட்டியோடு நிறுத்திவைத்தால், இரவுக் குளிரில் மேற்பகுதியின் உட்சுவரில் நீர் வியர்க்கும். அங்கே துரு பிடிக்கும். மூடியின் ரப்பர் வாஷர் கெட்டிருந்தால் மழைநீரும் இறங்கும். வாஷரை மாற்றுவதும், நீண்டநாள் நிறுத்துமுன் தொட்டியை அளவோடு நிரப்பி வைப்பதும் எளிய காப்பு. தொட்டியில் ஓட்டை விழுந்தாலோ, மேலே போட்ட கணக்கு அதற்கும் அப்படியே பொருந்தும்.

காக்கும் வழி

புதிய கழுத்தும் பழைய வழியில் நடத்தினால் பழையதாகிவிடும். மாதம் ஒருமுறை சக்கர வளைவுக்குள் தண்ணீர் பாய்ச்சி மண்ணைக் கழுவுங்கள். கடற்கரை ஊருக்குப் போய்வந்தால் அன்றே கழுவுங்கள். வளைவின் உள்மறைப்பு உடைந்தால் எடுத்தெறிந்துவிடாமல் புதிதாகப் போடுங்கள். சேற்றைத் தடுப்பது அதுதான். மூடியின் வாஷரைப் பாருங்கள். பங்கில் முதல் ‘டக்’ ஓசையோடு போதும் என்று சொல்லப் பழகுங்கள். இக்காலத்துக் கார்கள் பலவற்றில் கழுத்தும் தொட்டியும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றில் துரு இல்லை. ஆயினும் ஓஸும் கிளிப்பும் அங்கேயும் உண்டு.

துரு நம்மிடம் கேட்பதெல்லாம் நாம் பாராதிருக்கும் ஓர் இடத்தை மட்டுமே. அதைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படுமுன், வண்டியின் பின்சக்கரத்தருகே ஒருமுறை குனிந்து பாருங்கள். நாற்றம் இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். யாரேனும், “காலித் தொட்டிதானே, வெல்டிங் வைத்துவிடலாம்” என்று சொன்னால், வண்டியை மட்டும் மீட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். அந்த ஒரு தேக்கரண்டிக் கணக்கை அவருக்கும் பொறுமையாகச் சொல்லிவிட்டு வாருங்கள். நாளை வேறொருவர் வண்டியின்முன் வெல்டிங் கருவியோடு நிற்கப்போகிறவர் அவர்தான். அவருக்கும் வீட்டில் காத்திருப்போர் இருக்கிறார்கள்.